சுறாவுக்கும் புற்றுநோய் வரும், ஐயா

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். புற்றுக்கட்டிக்கு ரத்தக்குழாய் வளரவிடாமல் தடுக்கும் இயற்கைப் புரதங்களைப் பற்றிச் சென்ற இதழில் வந்த கட்டுரையை ஆவலோடு படித்துக்கொண்டு வந்தேன். கடைசிப் பத்தியில் ஒரு வாக்கியம் கண்ணில் குத்தியது: 'சுறா மீனுக்குப் புற்றுநோய் வராததற்கும் இந்தப் புரதங்களே காரணம்.'

சுறாவுக்குப் புற்றுநோய் வரும். கட்டி வந்த சுறாக்களை அறிவியலாளர்கள் பதிவு செய்து வைத்திருக்கிறார்கள். குருத்தெலும்பிலேயே கட்டி வந்தவையும் அவற்றில் உண்டு. சுறாவின் குருத்தெலும்பில் ரத்தக்குழாய் வளர்ச்சியைத் தடுக்கும் பொருள் இருக்கிறது என்று ஆய்வாளர்கள் லாங்கரும் லீயும் 1983-இல் எழுதினார்கள், அது உண்மை. அந்தச் சாற்றை அவர்கள் சோதித்தது முயலின் கண்ணில். அதைப் பிடித்துக்கொண்டு மாத்திரை வியாபாரம் செய்தவர்கள் வேறு ஆட்கள். புரதத்தை விழுங்கினால் குடலில் அமினோ அமிலங்களாக உடைந்துபோகும் என்று முப்பது ஆண்டுகளுக்கு மேலாகப் பள்ளிப் பிள்ளைகளுக்குச் சொல்லிக்கொடுத்திருக்கிறேன். சுறாக் குருத்தெலும்புச் சாற்றை நுரையீரல் புற்றுநோயாளிகள் 379 பேரை வைத்து முறையாகச் சோதித்தும் ஆயுள் கூடவில்லை. தங்கள் மருத்துவப் பக்கத்தைப் பார்த்துக்கொள்பவர் இதை அறியாதவராக இருக்க முடியாது.

என் கணவருக்குக் குடலில் வந்த புற்றுநோய் கல்லீரலுக்குப் பரவியிருந்த நேரம். என் நாத்தனார் மகன் தங்கள் இதழிலிருந்து ஒரு பக்கத்தைக் கிழித்து எடுத்துக்கொண்டு வந்தான். "அத்தை, பத்திரிகையிலேயே போட்டிருக்கிறார்கள்" என்றான். அதிலும் இதே சுறாதான். பிள்ளை பாசத்தோடு கொண்டுவந்து கொடுத்த மாத்திரையை எப்படி வேண்டாமென்பது? கஞ்சிகூட இறங்காத மனிதர், அந்த மீன் நாற்றமடிக்கும் மாத்திரைகளைக் கண்ணை மூடிக்கொண்டு விழுங்கினார். அப்போதே தங்களுக்கு விரிவாக ஒரு கடிதம் எழுதினேன். அதில் பாராட்டாக இருந்த முதல் இரண்டு வரிகள் மட்டும் அச்சாகியிருந்தன.

இப்போதைய கட்டுரையில் எனக்கு வேறு வருத்தமும் இருக்கிறது. 'அமெரிக்க விஞ்ஞானிகளின் புதிய கண்டுபிடிப்பு' என்று தொடங்குகிறது. பாஸ்டனில் குழந்தைகளுக்கு அறுவை சிகிச்சை செய்துவந்த ஜூடா ஃபோக்மன் இந்தக் கருத்தை வெளியிட்டது 1971-இல். தனக்கென ரத்தக்குழாய் கிடைக்காத கட்டி ஓரிரு மில்லிமீட்டருக்கு மேல் வளராது என்றார். பலர் நம்பவில்லை. முதலில் தோன்றிய கட்டியை வெட்டி எடுத்த பிறகு, அதுவரை அடங்கிக் கிடந்த சிறு கட்டிகள் வேறிடங்களில் திடீரென வளர்வதை அறுவை மருத்துவர்கள் கண்டிருந்தார்கள். அப்படியானால் அந்த முதல் கட்டியே மற்றவற்றை அடக்கி வைக்கும் எதையோ ரத்தத்தில் விட்டுக்கொண்டிருக்க வேண்டும் அல்லவா? அவரது ஆய்வகத்தில் மைக்கேல் ஓ'ரெய்லி, கட்டி வந்த எலிகளின் சிறுநீரைச் சேர்த்துச் சேர்த்துச் சலித்து அந்தப் பொருளைப் பிரித்தெடுத்தார். 1994-இல் வெளிவந்த ஆஞ்சியோஸ்டாடின் அதுதான். ரத்தத்தில் எப்போதும் ஓடிக்கொண்டிருக்கும் பிளாஸ்மினோஜென் என்ற புரதத்தின் ஒரு துண்டு. 1997-இல் எண்டோஸ்டாடின் வந்தது. அது கொலாஜன் என்ற உடற்புரதத்தின் வகையொன்றின் வால்துண்டு. இவ்வளவு அழகான கதையில் அந்த இருவரின் பெயருக்கும் தங்கள் கட்டுரையில் இடமில்லை. சுறாவுக்கு இருக்கிறது.

அடுத்து என்ன நடந்தது என்பதும் இல்லை. இந்த இரண்டு புரதங்களால் எலிகளின் கட்டி சுருங்கியதை 1998 மே 3 அன்று நியூயார்க் டைம்ஸ் முதல் பக்கத்தில் போட்டது. இரண்டே ஆண்டில் ஃபோக்மன் புற்றுநோயைக் குணப்படுத்திவிடுவார் என்று, டி.என்.ஏ.வின் அமைப்பைக் கண்டறிந்தவர்களில் ஒருவரான ஜேம்ஸ் வாட்சன் சொன்னதாக அதில் இருந்தது. தாம் அப்படிச் சொல்லவில்லை என்று வாட்சன் பிறகு மறுத்தார். அந்தப் புரதங்களை மருந்தாக்க முயன்ற நிறுவனத்தின் பங்கு ஒரே நாளில் பல மடங்கு ஏறியது. நோயாளிகள் மருத்துவர்களின் தொலைபேசிகளை விடவில்லை. புற்றுநோய் வந்தவர் எலியாக இருந்தால் நன்றாகக் கவனித்துக்கொள்வோம் என்று சொல்லிச் சொல்லிக் களைத்தார் ஃபோக்மன். எண்டோஸ்டாடினை 42 நோயாளிகளுக்குக் கொடுத்துப் பார்த்த ஓர் ஆய்வின் முடிவு 2006-இல் வந்தபோது, யாருக்கும் கட்டி குறிப்பிடத்தக்க அளவு சுருங்கியிருக்கவில்லை. சீனாவில் அதன் மாற்றுருவம் ஒன்றுக்கு நுரையீரல் புற்றுநோய்க்கு அனுமதி கிடைத்தது. இவற்றில் எதுவும் சொல்லாமல் 'கட்டி பட்டினி கிடந்து சாகும்' என்று முடித்துவிடுவது நியாயமா?

ஃபோக்மனின் வழி வீணாகவில்லை என்பதை என்னைவிட யார் சொல்ல வேண்டும்? ரத்தக்குழாயை வளரத் தூண்டும் புரதத்தைக் கட்டிப்போடும் பெவாசிசுமாப் ஊசியை என் கணவருக்குக் கீமோவோடு சேர்த்துப் போட்டார்கள். அது இயற்கைப் புரதம் அல்ல, ஆய்வகத்தில் உருவாக்கிய எதிர்ப்புரதம். தங்கள் கட்டுரை இரண்டையும் ஒன்றாகக் குழப்பிவிட்டது. அந்த ஊசியால் அவருக்கு ரத்த அழுத்தம் ஏறியது, மூக்கில் ரத்தம் வந்தது. அறுவை சிகிச்சை செய்த புண் ஆறும்வரை ஊசியைத் தள்ளிவைத்தார்கள். புண் ஆறவும் புது ரத்தக்குழாய் வேண்டுமே! இதை எங்களுக்கு விளக்கிச் சொல்ல மருத்துவமனையில் யாருக்கும் நேரமில்லை. நானே தேடிப் படித்தேன். அவருக்குச் சில மாதங்கள் கூடுதலாகக் கிடைத்தன என்றே நம்புகிறேன். அந்த மாதங்களில் அவர் பேத்தியின் பெயர்சூட்டு விழாவுக்கு வந்தார். பக்கவிளைவே இல்லாத இயற்கை மருந்து என்று எழுதும் கை, இப்படி வாழ்ந்தவர்களை ஒருமுறை நினைத்துப் பார்க்கக் கூடாதா?

அந்தக் கட்டுரைக்கு எதிர்ப்பக்கத்திலேயே புற்றுநோயை வேரோடு அழிக்கும் லேகியத்துக்கு அரைப்பக்க விளம்பரம். அதைப் பற்றி எழுதினால் இந்தக் கடிதமும் வராமல் போகுமோ என்று தயங்கினேன். எழுதிவிட்டேன்.

நான் கேட்பது இரண்டுதான். சுறாவைப் பற்றிய வாக்கியம் தவறு என்று அடுத்த இதழின் மருத்துவப் பக்கத்திலேயே, கண்ணுக்குத் தெரியும் எழுத்தில் போடுங்கள். எலியில் கிடைத்த முடிவு என்றால் 'எலியில்' என்ற சொல்லைத் தலைப்பிலேயே வையுங்கள்.

தங்கள் நெடுநாள் வாசகி,
ஓய்வுபெற்ற விலங்கியல் ஆசிரியை,
கும்பகோணம்.