கெனால் நடைக்குழு – 2025 ஆண்டறிக்கை

எல்லாருக்கும் வணக்கம். வரவு செலவு, உறுப்பினர் சந்தா எல்லாம் பொருளாளர் தனியா வாசிச்சுடுவார், அதனால நான் நேரா நியூ ஜெர்சியோட டெலவேர் ராரிட்டன் கெனால் பார்க்குக்கு வந்துடறேன்.

இந்த வருஷமும் நம்ம நடை பெரும்பாலும் கிங்ஸ்டன்ல இருந்து கிரிக்ஸ்டவுன் வரைக்கும்தான். ஒரு பக்கம் ஓட்டமே தெரியாத கெனால், இன்னொரு பக்கம் மில்ஸ்டோன் ஆறு, நடுவுல அந்தக் காலத்துல கோவேறு கழுதைங்க படகு இழுத்துட்டு நடந்த பாதை. கெனால் 1830ல ஆரம்பிச்சு 1834 வரைக்கும் பெரும்பாலும் ஐரிஷ்காரங்க கையால வெட்டினது, 1932ல படகு நின்னு 1974ல ஸ்டேட் பார்க் ஆச்சு, இன்னிக்கும் மத்திய நியூ ஜெர்சிக்குக் குடிதண்ணி இதுலேர்ந்து போகுது.

முக்கியமா ஆமை விஷயம். மே கடைசி, ஜூன்ல ஸ்னாப்பிங் டர்ட்டில் முட்டை போட தண்ணிய விட்டு மேல ஏறி வரும், அதுக்குப் பிடிச்சது வெயில் படற இளகின மண்ணு, அது நாம நடக்கிற பாதையோட ஓரம்தான். பின்னங்காலால மாத்தி மாத்தி குழி தோண்டி ஒவ்வொரு முட்டையா விடும், பிங் பாங் பந்து மாதிரி உருண்டையா வெள்ளையா இருக்கும், அப்புறம் மண்ணை மூடிட்டு திரும்பிப் பாக்காம போயிடும். உள்ள மண்ணு எவ்வளவு சூடோ அதைப் பொறுத்துதான் குஞ்சு ஆணா பெண்ணா. ராத்திரியில ரக்கூனும் நரியும் வந்து நிறைய கூட்டைத் தோண்டித் தின்னுடும், காலையில சுருண்ட முட்டைத் தோல்தான் கிடக்கும். அதனால தயவுசெஞ்சு ஜூன்ல சைக்கிள்காரங்க மெதுவா போங்க, பசங்க ஆமைய வாலைப் பிடிச்சுத் தூக்கக் கூடாது, அதோட முதுகெலும்பு கெட்டுடும், கழுத்து நீண்டு வந்து கடிச்சா உங்க விரலுக்கும் பலமா காயம் ஆகும். வீட்டுல வளத்த சிவப்புக் காது ஆமைய கெனால்ல விடறதும் வேண்டாம், இங்க ஏற்கனவே இருக்கிற ஆமைங்க வெயில் காயற கட்டையை அது பிடுங்கிக்குது. பாவம் பாத்து விடறோம்னு நினைக்கிறீங்க, பாவம் வேற ஆமைக்குப் போகுது.

கழுகு பத்தி சொல்லியே ஆகணும். டிடிடி பூச்சி மருந்தால முட்டை ஓடு மெலிஞ்சு, 1970கள்ல இந்த மாநிலம் முழுக்க வெண்தலைக் கழுகுக்கு ஒரே ஒரு கூடுதான் மிச்சம். 1972ல மருந்தைத் தடை பண்ணினாங்க, கனடாவுல இருந்து குஞ்சுங்களைக் கொண்டு வந்து விட்டாங்க, 2025 ஜனவரியில மாநிலத்தோட அழியும் நிலைப் பட்டியல்ல இருந்தே எடுத்துட்டாங்க. பறவை திரும்பி வரணும்னா மனுஷன் முதல்ல கையை எடுக்கணும், இது அதுக்கு சாட்சி. கூடு தெரிஞ்சா வாட்ஸப்புல இடம் போட வேண்டாம்.

ஆஷ் மரம்தான் மனசுக்குக் கஷ்டம். 2014ல இங்க கண்டுபிடிச்ச பச்சை வண்டோட புழு பட்டைக்கு அடியில வளைஞ்சு வளைஞ்சு தின்னு வெச்சிருக்கு, மரங்கொத்தி அதைத் தேடி பட்டைய உரிச்சதால தூரத்துலயே வெளுப்பா தெரியும். காத்து அடிக்கிற நாள்ல அந்த மரங்க கீழ நிக்காதீங்க, அந்த விறகை வேற ஊருக்கு எடுத்துட்டும் போகாதீங்க.

வர்ற வசந்தத்துல ஒரு நடைய புல்ஸ் ஐலண்டுக்கு மாத்தலாம்னு செயற்குழு யோசனை, கெனாலுக்குத் தண்ணி டெலவேர் ஆத்துல இருந்து அங்கதான் பிரியுது, ஷாட் மீன் கடல்ல இருந்து ஏறி வர்ற சீசனும் அப்பதான். கை தூக்குறவங்க இப்பவே தூக்கிடுங்க, கார் ஏற்பாடு பண்ணணும்.