டாட்சன் 620 ஓடுகிறது: கைகொடுத்த எல்லோருக்கும் நன்றி

அன்புள்ள எல்லோருக்கும் வணக்கம்.

கலிஃபோர்னியாவில் எங்கள் ஃப்ரீமாண்ட் வீட்டு கராஜில் போல்ட் போல்ட்டாகக் கழன்று கிடந்த நிஸானின் 1974 மாடல் டாட்சன் 620 பிக்கப் ஓட ஆரம்பித்துவிட்டது. பதிவு வேலையும் முடிந்து ரோட்டில் எடுத்துப் போய்வருகிறோம். பார்க்கிறவர்கள் பெயிண்டைப் பார்த்துவிட்டு என்னைப் பாராட்டுகிறார்கள். அந்தப் பாராட்டை நான் ஒருவனே வாங்கி வைத்துக்கொள்வது நியாயமில்லை. இந்த வண்டியின் உண்மையான வேலை கண்ணுக்குத் தெரியாத இடங்களில் இருக்கிறது. அங்கெல்லாம் பட்டது உங்கள் கை. அதனால் பொத்தாம்பொதுவாக நன்றி சொல்லாமல், யார் எதைச் செய்தீர்கள் என்று எழுதி வைக்கிறேன். தமிழ் தெரியாதவர்களுக்கு என் மகள் ஆங்கிலத்தில் படித்துச் சொல்வாள்.

முதல் நன்றி வாட்சன்வில் அம்மாவுக்கு. உங்கள் கணவர் ஸ்ட்ராபெரி பயிரிட்டவர். இந்த வண்டியைப் புதிதாக வாங்கி, கடைசிவரை தன் கையாலேயே பராமரித்தவர். அவருக்குப் பிறகு கொட்டகையில் நின்றுபோன வண்டியை, பாகம் பாகமாகப் பிரித்து விற்கக்கூடாது என்ற ஒரே நிபந்தனையோடு எங்களிடம் கொடுத்தீர்கள். கூடவே ஒரு நோட்டும் தந்தீர்களே, அதற்குத்தான் தனியாகக் கும்பிட வேண்டும். ஆயில் மாற்றிய தேதி, வால்வு இடைவெளி பார்த்தது, பிரேக் ஷூ மாற்றியது என்று எல்லாவற்றையும் அவர் எழுதி வைத்திருந்தார். ஒரு பக்கத்தில் எந்த விளக்கமும் இல்லாமல் வட்டம் போட்ட ஒரு 2 இருந்தது. அதன் கதை கீழே வருகிறது. வண்டியின் பின்னால் சரக்கு ஏற்றும் தொட்டியில் பெட்டி அடுக்கி அடுக்கி விழுந்த ஒடுக்குகளை நாங்கள் தட்டி எடுக்கவில்லை. அவை அவர் உழைத்த தடம், அப்படியே இருக்கட்டும் என்று வீட்டில் எல்லோருமே சொல்லிவிட்டோம்.

620 என்பது 1972 முதல் 1979 வரை வந்த மாடல். இன்றைய பிக்கப்புகளுக்குப் பக்கத்தில் நிறுத்தினால் சின்னப் பிள்ளை மாதிரி இருக்கும். அடியில் ஏணி போன்ற சட்டம், அதிர்வு தாங்க முன்னால் முறுக்குக் கம்பி ஸ்பிரிங், பின்னால் பட்டை ஸ்பிரிங், நான்கு சக்கரத்துக்கும் டிரம் பிரேக். தொட்டியின் வெளிப்பக்கம் வரிசையாகக் கயிறு கட்டும் கொக்கிகள். வெறும் ஸ்பேனர் செட்டோடு ஒரு மனிதன் அணுகக்கூடிய வண்டி. கேபினும் தொட்டியும் தனித்தனி என்பதால், தொட்டியைச் சட்டத்திலிருந்து தூக்கி வைத்துவிட்டே வேலை பார்க்கலாம். (1964-இலிருந்து அமெரிக்காவில் இறக்குமதியாகும் முழு பிக்கப்புக்கு 25 சதவீத வரி. தொட்டி இல்லாத வண்டிக்கு 4 சதவீதம்தான். அதனால் ஜப்பானிய நிறுவனங்கள் பல வருஷம் வெறும் கேபினும் சட்டமுமாக அனுப்பி, தொட்டியை இங்கே வைத்துப் பூட்டிக்கொண்டிருந்தன. 1980-இல் அந்த வழி அடைபட்டது.) அந்தத் தொட்டியைத் தூக்க ஞாயிற்றுக்கிழமை காலைத் தூக்கத்தை விட்டுவிட்டு வந்த எங்கள் தெருக்காரர்களுக்கும், திரும்ப ஏற்றி வைக்கவும் முகம் சுளிக்காமல் வந்ததற்கும் நன்றி.

கோயம்புத்தூர் அண்ணா, உங்களைப் பற்றி எழுதத்தான் நிறைய இருக்கிறது. பம்பு பட்டறையிலும் லேத்திலும் கழிந்த அனுபவத்தை எல்லாம் எங்கள் கராஜுக்குக் கொண்டுவந்தீர்கள். இதில் இருப்பது எல்18 என்ஜின். 1770 சிசி, நாலு சிலிண்டர், இரும்பு பிளாக்கின் மேல் அலுமினிய ஹெட், அதன் மேலேயே வால்வுகளைத் திறக்கிற கேம் ஷாஃப்ட். எப்போதோ சூடேறி, ஹெட்டுக்கும் பிளாக்குக்கும் நடுவில் இருக்கும் பேக்கிங் போயிருந்தது. ஹெட்டைக் கழற்ற நான் ஸ்பேனரை எடுத்ததும், “அவசரப்படாதீங்க தம்பி, மொதல்ல செயினைப் பிடிச்சு நிறுத்திரலாமுங்க” என்றீர்கள். கேம் ஷாஃப்ட்டைச் சுற்றவைக்கும் டைமிங் செயினின் இரண்டு பக்கத்துக்கும் நடுவில் இறுக்கமாக உட்காரும்படி ஒரு மரக்கட்டையை ஆப்பு மாதிரி செதுக்கி, மேலிருந்து இறக்கினீர்கள். அது இல்லாமல் கேம் பல்சக்கரத்தைக் கழற்றினால் செயின் தளர்ந்து, உள்ளே அதை இறுக்கிப் பிடிக்கும் டென்ஷனரின் பிஸ்டன் வெளியே வந்துவிடும். பிறகு அதைத் திரும்பப் பொருத்த என்ஜினின் முன் மூடி முழுவதையும் பிரிக்க வேண்டும். பழைய எல் வரிசை என்ஜினில் கை வைக்கிற யாரும் முதலில் தெரிந்துகொள்ள வேண்டிய விஷயம் இதுதான் என்பது என் எண்ணம். அந்த ஒரு துண்டுக் கட்டை எத்தனை வேலையை மிச்சப்படுத்தியது!

பல்சக்கரம் கையில் வந்தபோதுதான் நோட்டில் இருந்த 2 விளங்கியது. கேம் ஷாஃப்ட்டின் முளை உட்காருவதற்கு அந்தப் பல்சக்கரத்தில் 1, 2, 3 என்று எண் போட்ட மூன்று துளைகள் இருக்கின்றன. ஓடி ஓடிச் செயின் நீண்டால் வால்வு திறக்கும் நேரம் பின்தங்கும். அடுத்த துளைக்கு மாற்றினால் அது சரியாகும். அந்த ஐயா 2-க்கு மாற்றிவிட்டு, மாற்றியதைக் குறித்தும் வைத்திருக்கிறார். நீங்கள் அந்தப் பக்கத்தைக் கையில் வைத்துக்கொண்டு கொஞ்ச நேரம் பேசவே இல்லை. பிறகு, “தொழில் தெரிஞ்ச மனுஷனுங்க” என்று மட்டும் சொன்னீர்கள். வாட்சன்வில் அம்மா, இதை நீங்கள் கேட்க வேண்டும் என்பதற்காகவே எழுதுகிறேன்.

ஹெட்டைச் சீவிக் கொடுத்த சான் ஹோஸே மெஷின் ஷாப் பெரியவருக்கும் கடன்பட்டிருக்கிறோம். கோணல் போகிற அளவுக்கு மட்டும் சீவினால் போதும், அதற்கு மேல் ஒரு மயிரிழைகூட எடுக்கமாட்டேன் என்று பிடிவாதமாக நின்றார். திரும்ப மாட்டும்போது அதே 2-ஆம் துளையில் வைத்து, பல்சக்கரத்தின் வெட்டும் கேம் தகட்டின் கோடும் நேராக நிற்கிறதா என்று அண்ணா டார்ச் அடித்துப் பார்த்தார். நின்றது. என்ஜின் சூடான பிறகு இன்டேக் வால்வுக்கு 0.25 மி.மீ., எக்ஸாஸ்ட் வால்வுக்கு 0.30 மி.மீ. என்று இடைவெளி வைத்து முடித்தோம். 1975 மாடல் வரைக்கும் உள்ள பெட்ரோல் வண்டிகளுக்குக் கலிஃபோர்னியாவில் புகைச் சோதனை கிடையாது. இருந்தும், சோதனைக்குப் போகிற வண்டிபோலவே கார்புரேட்டரை அண்ணா மெனக்கெட்டு சரிசெய்தார். அந்த மெனக்கெடலுக்கு நான் என்ன விலை கொடுத்துவிட முடியும்?

அடுத்து, ஒரகடம் தம்பி. டாட்சன் என்ற பெயரை நிஸான் எண்பதுகளில் மெல்ல மெல்ல நிறுத்தியது. அதே பெயர் 2014-இல் இந்தியாவில் திரும்ப வந்தபோது, வண்டிகள் தயாரானது சென்னைக்குப் பக்கத்தில் ஒரகடத்தில். 2022 வரை அங்கே டாட்சன் தயாரானது. அந்த ஆலையின் பாடி ஷாப்பில் வேலை பார்த்த பையன் இங்கே நம் தெருவிலிருந்து பத்து நிமிஷத் தூரத்தில் குடியிருக்கிறான் என்பது எங்கள் அதிர்ஷ்டம். வாட்சன்வில் கடலோர ஊர். உப்பு கலந்த மூடுபனி பல வருஷம் இறங்கி, கேபின் தரையும் பின் மூலைகளும் விரலால் குத்தினால் உதிர்கிற நிலையில் இருந்தன. துருவின் மேல் பட்டி பார்த்து மூடிவிடலாம் என்று சிலர் சொன்னார்கள். “வேண்டாம்ணா, நல்ல தகடு வர்ற வரைக்கும் வெட்டிரலாம்” என்று நீ சொன்னதுதான் சரி. துருவை மூடுவது வேலையே அல்ல, வேலையைத் தள்ளிப்போடுவது.

அட்டையில் அச்செடுத்து, தகட்டை வெட்டி வளைத்து, குறட்டில் பிடித்து, ஒரு பொட்டு இங்கே, அடுத்த பொட்டு ஒரு சாண் தள்ளி என்று வெல்டு வைத்துக்கொண்டே போனாய். ஒரே இடத்தில் இழுத்து வைத்தால் மெல்லிய தகடு சூட்டில் நெளிந்துவிடும். ஆறும்வரை காத்திரு, பிறகு அடுத்த பொட்டு. சீட், ரப்பர், ஒயர் எதையும் கேபினில் விடாமல் எடுத்த பிறகுதான் முதல் பொறியே பறக்கவிட்டாய். தீயணைப்பான் எப்போதும் உன் காலடியில் இருந்தது. கதவை மாட்டியபோது சுற்றிலும் சந்து ஒரே அளவாக இருக்க வேண்டும் என்று கீலைத் தளர்த்தி, இறுக்கி, மறுபடி தளர்த்தி நீ நின்ற பொறுமையை என் மகள் பார்த்துக்கொண்டே இருந்தாள். அவளுக்கு அது பள்ளிக்கூடத்தில் கிடைக்காத பாடம், தம்பி.

பெட்ரோல் டேங்க்கைக் கழுவிக் கொடுத்த ரேடியேட்டர் கடைக்காரருக்கு நன்றி. பழைய பெட்ரோல் உள்ளே பிசினாக இறுகியிருந்தது. பெட்ரோல் இருந்த டேங்க்கில் வீட்டில் யாரும் நெருப்பு வைக்கக்கூடாது என்று எங்களிடம் கண்டிப்பாகச் சொல்லி, ஓட்டை அடைக்கிற வேலையையும் அவரே எடுத்துக்கொண்டார். பிரேக் டிரம்மைத் திறப்பதற்கு முன் போன் செய்து, பழைய ஷூவில் ஆஸ்பெஸ்டாஸ் இருக்கலாம், காற்றடித்து ஊதாதீர்கள், நனைத்துத் துடையுங்கள் என்று எச்சரித்த நர்ஸ் அக்கா, உங்கள் அந்த ஒரு அழைப்பு எங்கள் எல்லோர் நெஞ்சுக்கும் காவல்.

மின்சார வேலை முழுவதும் என் மனைவியுடையது. உடைந்து உதிர்ந்த ஒயர்களைச் சுற்று சுற்றாகப் பிரித்து, படம் வரைந்து, ஒவ்வொன்றாக மாற்றினாள். விளக்கு மங்கலாக எரிந்தது, இண்டிகேட்டர் தன்னிஷ்டத்துக்கு மின்னியது, பெட்ரோல் முள் ஆடியது. மூன்றுக்கும் காரணம் துருப்பிடித்த எர்த் இணைப்புகள் என்று கண்டுபிடித்தவளும் அவள்தான். பக்கத்து வீட்டு மாமியும் அவளுமாகச் சேர்ந்து முன் கண்ணாடியை ஏற்றியது பார்க்க வேண்டிய காட்சி. ரப்பரின் உதட்டுக்குள் கயிறு சுற்றி, மாமி வெளியிலிருந்து உள்ளங்கையால் அழுத்த, இவள் உள்ளேயிருந்து கயிற்றை உருவ, ரப்பர் விளிம்பு அங்குலம் அங்குலமாகத் தகட்டின் மேல் ஏறிக்கொண்டது. கண்ணாடியில் ஒரு கீறல் இல்லை. மாமி, உங்களுக்கு எழுபது தாண்டிவிட்டது என்று யார் நம்புவார்கள்?

பெயிண்டை வீட்டில் அடிக்கவில்லை. இரண்டு பாகம் கலக்கிற யூரித்தேன் பெயிண்டில் இருக்கும் ஐசோசயனேட் என்ற ரசாயனம் நுரையீரலுக்குப் பெரும் கேடு. சாதாரண முகமூடி அதற்குப் போதாது. மெக்சிகோ பூர்வீகம் கொண்ட, எங்கள் நண்பரான பெயிண்டர் தன் கடையின் பெயிண்ட் அறையை வேலை இல்லாத நாளில் திறந்துவிட்டார். கதவின் உள்விளிம்பில் மிச்சமிருந்த பழைய மஞ்சளை வைத்து நிறம் கலந்து, அவரே அடித்தும் கொடுத்தார். எல்லோரும் பாராட்டுகிற அந்தப் பளபளப்பு அவருடையது.

கடைசியாக என் மகள். பிரேக் குழாயில் சிக்கிய காற்றை வெளியே எடுக்கும்போது பெடலில் இருந்தது அவள் கால். “அழுத்து, பிடி, விடு” என்று நான் கீழே படுத்துக்கொண்டு சொல்லச் சொல்ல, தூரச் சக்கரத்தில் ஆரம்பித்து பிரேக் ஆயிலைத் தள்ளும் மாஸ்டர் சிலிண்டருக்குப் பக்கத்துச் சக்கரம் வரை அலுக்காமல் செய்தாள். “விடு” என்று நான் சொல்வதற்கு முன் ஒரு தடவைகூடக் காலை எடுக்கவில்லை. வண்டி இன்று நிற்க வேண்டிய இடத்தில் நிற்கிறது என்றால் அதில் அவள் பங்கு இருக்கிறது.

சில நடைமுறை விஷயங்கள். என்ஜின் தூக்கும் கிரேனை இரவல் கொடுத்த எதிர்வீட்டு ஐயா, சனிக்கிழமை கழுவித் துடைத்துக் கொண்டுவந்து தருகிறேன். எல்18-க்கான பேக்கிங் செட் ஒன்று பிரிக்காமல் மிச்சமிருக்கிறது. யாருக்காவது தேவைப்பட்டால் சும்மாவே எடுத்துக்கொள்ளலாம், அண்ணா செதுக்கிய கட்டையை மட்டும் வேலை முடிந்ததும் திருப்பித் தர வேண்டும். வீடு மாறுகிறவர்கள், தோட்டத்துக்கு மண் ஏற்றுகிறவர்கள் தயங்காமல் கூப்பிடுங்கள், வண்டியோடு நானும் வருகிறேன்.

என்றும் நன்றியுடனும் அன்புடனும்,
ஃப்ரீமாண்டிலிருந்து உங்கள் நண்பன்