கண்ணில் குறையில்லை என்று அனுப்பிவிட்டார்கள்

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

பள்ளியில் சேர்க்கும் முன்பே குழந்தைகளுக்குக் கண் பரிசோதனை செய்துவிடுங்கள் என்று உங்கள் நாளிதழில் வந்த செய்தியைப் படித்தேன். நல்ல விஷயம்தான். ஆனால் அந்தப் பரிசோதனையில் தேறிவிட்ட ஒரு குழந்தையின் அம்மா நான், அதனால்தான் எழுதுகிறேன்.

என் மகளுக்கு நான்கு வயது. 30 வாரத்திலேயே பிறந்தவள். வாய் ஓயாமல் பேசுவாள், அட்டையில் படங்களை ஒவ்வொன்றாகக் காட்டினால் டக்கென்று சொல்லிவிடுவாள். ஆனால் வீட்டில் தரையின் நிறம் மாறும் இடம் வந்தால் அப்படியே நின்றுவிடுவாள். ஒரு காலை நீட்டி, விரலால் தடவிப் பார்த்து, பள்ளம் இல்லை என்று உறுதியான பிறகுதான் அடுத்த அடி. நிஜமாகவே படி இருக்கும் இடத்திலோ அவள் பாட்டுக்கு நடந்துபோய் விழுவாள். பொம்மைக் கூடையில் அவளுக்குப் பிடித்த சிவப்பு கார் மேலாகவே கிடக்கும், காணோம் என்று அழுவாள். அதையே எடுத்து வெறும் வெள்ளைத் துணியில் வைத்தால் உடனே எடுத்துக்கொள்வாள். அடம் என்றோம், கவனமில்லை என்றோம், "கண்ணை எங்கே வச்சிருக்கே" என்று நானே திட்டியிருக்கிறேன். அதை நினைத்தால் இப்போதும் மனசு ஆறவில்லை.

கண் மருத்துவரிடம் இரண்டு முறை போனோம். இரண்டு முறையும் கண்ணில் குறையில்லை என்றுதான் சொன்னார்கள். அது பொய்யும் இல்லை, கண்ணில் குறை இல்லைதான். கண் அனுப்புவதைப் பிரித்துப் புரிந்துகொள்ளும் வேலை மூளையுடையது, அங்கே பாதிப்பு இருந்தால் விழி நன்றாக இருந்தும் குழந்தை தடுமாறும். இதை செரிப்ரல் விஷுவல் இம்பேர்மென்ட், சுருக்கமாக சி.வி.ஐ. என்கிறார்கள், மூளை சார்ந்த பார்வைக் குறைபாடு. குறைப்பிரசவம், பிறக்கும்போது மூச்சுத்திணறல், பிறந்த சில நாட்களில் ரத்தச் சர்க்கரை மிகவும் தாழ்ந்துபோவது, மூளைக்காய்ச்சல், தலையில் நீர் கோர்ப்பது என்று காரணங்கள் பல. கூடவே கிட்டப்பார்வையோ மாறுகண்ணோ இருந்தால் கண்ணாடி வேண்டும்தான், ஆனால் கண்ணாடியோடு இது முடிந்துவிடாது.

வளர்ந்த நாடுகளில் குழந்தைகளின் பார்வைக் குறைபாட்டுக்கு முதன்மைக் காரணமே இதுதான். இங்கிலாந்தில் சாதாரணப் பள்ளிகளில் படிக்கும் 5 முதல் 11 வயதுக் குழந்தைகளைப் பார்த்து 2021-ல் வெளியிட்ட ஆய்வில், ஏறக்குறைய 30 பேரில் ஒருவருக்கு இந்த வகைச் சிக்கல் ஏதாவது ஒன்று இருந்தது. வகுப்புக்கு ஒரு குழந்தை என்று வைத்துக்கொள்ளுங்கள். அந்தக் குழந்தையைத்தான் நாம் மந்தம் என்றும் சேட்டை என்றும் சொல்லிக்கொண்டிருக்கிறோம். ஆட்டிசம் என்றே சந்தேகப்படுவதும் நடக்கிறது, இரண்டும் சேர்ந்தே இருப்பதும் உண்டு.

எங்களுக்கு இது தெரிய வந்தது ஒரு குழந்தைகள் நரம்பியல் மருத்துவரால். அவர் டார்ச்சைக் கையில் எடுக்கும் முன் கேள்விதான் கேட்டார். எந்த மாதத்தில் பிறந்தாள்? கூட்டத்தில் உங்களைத் தேடத் திணறுகிறாளா, குரல் கொடுத்தால்தான் அம்மா என்று தெரிகிறதா? படி இறங்கப் பயப்படுகிறாளா? ஒரு பொருளை எடுக்கும்போது முகத்தை வேறு பக்கம் திருப்பிக்கொண்டு கையை மட்டும் நீட்டுகிறாளா? சத்தமான இடத்தில், அசதியாக இருக்கும்போது இன்னும் மோசமாகிறதா? நான் ஆமாம், ஆமாம் என்று சொல்லிக்கொண்டே வந்தேன். பார்வையின் கீழ்ப்பாதி அவளுக்குச் சரியாகத் தெரிவதில்லை என்று அப்புறம்தான் புரிந்தது. குறைமாதத்தில் பிறந்தவர்களுக்கு இப்படி ஆவதுண்டாம்.

அமைதியான அறையில், ஒரு நேரத்தில் ஒரே படம் காட்டும் அட்டை இதையெல்லாம் எப்படிக் கண்டுபிடிக்கும்? அந்தக் கேள்விகளைக் கேட்கப் பத்து நிமிடம் போதும், கருவி எதுவும் வேண்டாம். தடுப்பூசிக்கு வரும்போதே கேட்கலாம், மழலையர் வகுப்பில் சேர்க்கும்போது கேட்கலாம், குறைமாதத்தில் பிறந்த குழந்தைகள் என்றால் கட்டாயம் கேட்க வேண்டும். ஆமாம் என்று பதில் வந்தாலே நோய் என்று ஆகிவிடாது, அதைக் கண் மருத்துவரும் நரம்பியல் மருத்துவரும் சேர்ந்து பார்த்துத்தான் சொல்ல வேண்டும். ஆனால் மூளை வேகமாகப் பழகிக்கொள்ளும் வயது இது. ஏழு எட்டு வயதில், படிப்பில் பின்தங்கிய பிறகு கண்டுபிடித்தால், அதற்குள் அந்தப் பிள்ளை எவ்வளவு திட்டு வாங்கியிருக்கும்!

இப்போது எங்கள் வீட்டுப் படிகளின் ஓரத்தில் மஞ்சள் டேப் ஒட்டியிருக்கிறோம். பொம்மைகள் ஒன்றிரண்டுதான் வெளியே இருக்கும். படப் புத்தகத்தின் மேல் நடுவில் ஓட்டை வெட்டிய அட்டையை வைத்து ஒவ்வொரு படமாகக் காட்டுகிறோம், பதிலுக்கு அவசரப்படுத்தாமல் காத்திருக்கிறோம். குறை போய்விடவில்லை. விழுவது குறைந்திருக்கிறது, அழுவதும்.

அடுத்த முறை கண் பரிசோதனைச் செய்தி போடும்போது, அந்தக் கேள்விகளில் நான்கைந்தையாவது அதன் பக்கத்திலேயே போடுங்கள் ஐயா.

இப்படிக்கு,
ஒரு வாசகி