நாடு கடத்தப்பட்ட கணவருக்கு வந்த நீதிமன்ற அழைப்பாணை தொடர்பான கோரிக்கை மனு

பெறுநர்
உயர்திரு மாவட்டக் காவல் கண்காணிப்பாளர் அவர்கள்,
இராமநாதபுரம் மாவட்டம்.

பொருள்: கணவர் நாடு கடத்தப்பட்ட உண்மையை அழைப்பாணையின் சார்வு அறிக்கையில் (அழைப்பாணை உரியவரிடம் ஒப்படைக்கப்பட்டதா என்று காவல் துறை தரும் அறிக்கை) பதிவு செய்து நீதிமன்றத்துக்குத் தெரிவிக்கக் கோருதல்.

மதிப்பிற்குரிய ஐயா,

வணக்கம். நான் இந்தியக் குடிமகள். என் கணவர் தலைமன்னாரைச் சேர்ந்த இலங்கைத் தமிழர். 2016-இல் சுற்றுலா விசாவில் வந்து, விசாக் காலம் முடிந்த பின்னும் இங்கேயே இருந்துவிட்டார். 2015 ஜனவரி 9-ஆம் தேதிக்கு முன் அடைக்கலம் தேடி வந்து பதிவு செய்துகொண்ட இலங்கைத் தமிழர்களுக்கு உரிய பயண ஆவணமின்றித் தங்கியதற்கான தண்டனை விதிகளிலிருந்து மத்திய அரசு 2025 செப்டம்பரில் அளித்த விலக்கு அவருக்குப் பொருந்தவில்லை. திருச்சி மத்தியச் சிறை வளாகத்திலுள்ள சிறப்பு முகாமில் வைக்கப்பட்டு, பின்னர் சென்னை விமான நிலையம் வழியாகக் கொழும்புக்கு அனுப்பப்பட்டார். அந்த நாடு கடத்தல் ஆணையை எதிர்த்து இம்மனுவில் நான் எதுவும் கேட்கவில்லை.

அதற்கு முன்பே, கூலிப் பணம் தொடர்பாக மீன் இறங்குதளத்தில் நடந்த கைகலப்பில், பாரதிய நியாய சன்ஹிதா 296(பி) (பொது இடத்தில் ஆபாசமாகப் பேசுதல்), 115(2) (காயம் ஏற்படுத்துதல்) பிரிவுகளின்கீழ் அவர்மீது வழக்குப் பதிவாகி, என் அண்ணன் ஜாமீன் கையெழுத்துப் போட்டு அவரை அழைத்து வந்திருந்தார். இப்படி ஒரு வழக்கு இருப்பதை என் கணவர் மறைக்கவில்லை. முகாம் விசாரணையின்போது தாமே எழுதிக் கொடுத்தார். அவர் போன பிறகுதான் குற்றப்பத்திரிகை தாக்கலாகி, இப்போது அழைப்பாணை வந்திருக்கிறது.

அழைப்பாணையைக் கொண்டுவந்த காவலர், இரண்டாவது படியின் பின்புறம் என்னைக் கையொப்பமிடச் சொன்னார். கணவர் நாட்டிலேயே இல்லை என்று கூறியதற்கு, "நீங்க வாங்கிக்கிட்டதா ஒரு கையெழுத்துப் போடுங்க, மத்ததைக் கோர்ட்டுல சொல்லிக்கலாம்" என்றார். நான் மறுத்துவிட்டேன். குற்றவியல் நடைமுறைச் சட்டமான பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதா 66-ஆம் பிரிவு, அழைக்கப்பட்டவர் உரிய முயற்சிக்குப் பின்னும் கிடைக்காதபோது, "அவருடன் வசிக்கும்" வயது வந்த குடும்பத்தாரிடம் ஒரு படியைக் கொடுக்கலாம் என்கிறது. என் கணவர் என்னுடன் வசிக்கவில்லை. அரசின் ஆணைப்படி கடலுக்கு அப்பால் இருக்கிறார். நான் கையொப்பமிட்டால், அழைப்பாணை முறையாகச் சார்வு செய்யப்பட்டும் அவர் வேண்டுமென்றே வரவில்லை என்று பதிவாகும். அடுத்து பிடியாணை, அதன்பின் 84-ஆம் பிரிவின்கீழ் தலைமறைவானவர் என்ற பிரகடனம் என்று வழக்கு போய்விடுமோ என அஞ்சுகிறேன். நாட்டுப்படகில் தொழில் செய்யும் என் அண்ணனின் ஜாமீன் தொகையும் பறிபோகக்கூடும். அரசே அழைத்துச் சென்று விமானத்தில் ஏற்றிவிட்ட ஒருவரைத் தலைமறைவானவர் என்று அதே அரசின் ஏடுகளில் எழுதுவது எந்த வகையிலும் நியாயமாகாது, ஐயா.

எனவே, அவர் நாடு கடத்தப்பட்டதையும், ஆணையின் எண், தேதி, வெளியேறிய நாள் ஆகியவற்றையும் குறிப்பிட்டு, சார்வு செய்ய இயலவில்லை என்ற உண்மை அறிக்கையை அடுத்த வாய்தாவுக்கு முன் நீதிமன்றத்தில் தாக்கல் செய்யும்படி உரிய காவல் நிலையத்துக்கு உத்தரவிட வேண்டுகிறேன். சென்னையிலுள்ள வெளிநாட்டவர் மண்டலப் பதிவு அலுவலகத்திலிருந்து நாடு கடத்தல் ஆணையின் சான்றிட்ட நகலைப் பெற்று அந்த அறிக்கையுடன் இணைக்கவும், எனக்கும் ஒரு நகல் தரவும் ஆவன செய்ய வேண்டும். குடும்பத்துக்கென்று என்னிடம் இருப்பது அவர் முகாமிலிருந்து எழுதிய கடிதமும் விமானச் சீட்டின் கைபேசிப் படமும் மட்டுமே. நீதிமன்றத்தில் அவை ஆவணமாக நிற்குமா என்பது ஐயத்துக்குரியது.

என் கணவர் வழக்கைச் சந்திக்கத் தயாராக இருக்கிறார். காணொளி வழியாக முன்னிலையாவதும் நேரில் முன்னிலையாவதாகவே கொள்ளப்படும் என்று பாரதிய நாகரிக் சுரக்ஷா சன்ஹிதாவின் 355-ஆம் பிரிவு விளக்கம் கூறுவதால், அதற்கு அனுமதி கேட்டு எங்கள் வழக்கறிஞர் மனுத் தாக்கல் செய்யவுள்ளார். அம்மனுவுக்குக் காவல் துறை தரப்பில் ஆட்சேபம் எழுப்ப வேண்டாம் என்றும் பணிவுடன் கேட்டுக்கொள்கிறேன். அவரது தலைமன்னார் முகவரியைத் தனித்தாளில் எழுதி இணைத்துள்ளேன்.

இப்படிக்கு,
தங்கள் உண்மையுள்ள,
மனுதாரர்

இணைப்பு: அழைப்பாணையின் நகல், திருமணப் பதிவுச் சான்று, ஜாமீன் பத்திரத்தின் நகல், கணவரின் தற்போதைய முகவரி.