தோற்ற அடுத்த நிமிடத்தைப் பாருங்கள்

மதிப்பிற்குரிய ஆசிரியர் அவர்களுக்கு,

வணக்கம். இப்போது வரும் வீடியோ கேம்கள் எல்லாம் பொறுமையில்லாத பிள்ளைகளுக்காகச் சுலபமாக்கப்பட்டவை, அந்தக் காலத்து ஆட்டங்களில்தான் திறமை இருந்தது என்ற பேச்சு எங்கள் ஊர்ச் சாப்பாட்டுக் கடையிலிருந்து பள்ளிப் பெற்றோர் கூட்டம் வரை அடிக்கடி காதில் விழுகிறது. இதில் உண்மை பாதிதான். அந்தப் பாதியைப் பிடித்துக்கொண்டே பேசுவதால், பிள்ளைகளின் பொறுமையின்மையை வைத்துப் பணம் பார்க்கும் இடம் எது என்பது யார் கண்ணிலும் படாமல் போகிறது. கேம் கருவிகளைப் பழுது பார்ப்பது எங்கள் தொழில். ஆகவே சற்று விரிவாகவே எழுதுகிறோம்.

பழைய ஆட்டங்கள் கடினமாக இருந்ததற்குக் காரணம் வியாபாரம். 1980-இல் வந்த பேக்-மேன் காசு போட்டு ஆடும் பெட்டி. ஒருவர் ஒரே காசில் அரை மணி நேரம் நின்றுவிட்டால் கடைக்காரருக்கு நட்டம். அதனால் பெட்டிக்குள் இருக்கும் பலகையில் சின்னச் சின்ன சுவிட்சுகளை வரிசையாக வைத்தார்கள். ஒரு காசுக்கு எத்தனை உயிர் (1, 2, 3 அல்லது 5), எத்தனை புள்ளி எடுத்தால் கூடுதல் உயிர் (10,000, 15,000, 20,000 அல்லது கிடையவே கிடையாது) என்பதையெல்லாம் கடைக்காரரே தட்டி மாற்றிக்கொள்ளலாம். ஆட்டத்துக்குள்ளும் அதே கணக்குதான். பேய்கள் நீல நிறமாகி நமக்குப் பயந்து ஓடும் நேரம் கட்டம் ஏற ஏறக் குறையும். 19-ஆம் கட்டத்திலிருந்து அவை நீலமாவதே இல்லை.

வீட்டுக் கருவிக்கு வந்த கேசட்டுகளின் கதை வேறு. 1985-இல் வந்த சூப்பர் மாரியோ பிரதர்ஸ் முழுவதும் 40 கிலோபைட். இன்று வாட்சாப்பில் வரும் சாதாரணப் படம் ஒன்றே அதைவிடப் பெரியது. அவ்வளவு சின்ன இடத்தில் எழுதிய ஆட்டம் மாதக்கணக்கில் ஓட வேண்டுமானால், செத்துச் செத்து முதலிலிருந்து ஆட வைப்பதைத் தவிர வேறு வழியில்லை. ஆட்டத்தை எழுதியவர்களே சில சமயம் அதைத் தாங்க முடியாமல் தவித்திருக்கிறார்கள். பொத்தான்களை 'மேல் மேல் கீழ் கீழ்' என்று வரிசையாக அழுத்திப் பலம் பெறும், கோனாமி நிறுவனத்தின் புகழ்பெற்ற குறுக்கு வழி எப்படி வந்தது? 1986-இல் கிரேடியஸ் ஆட்டத்தை வீட்டுக் கருவிக்கு மாற்றிய கஜுஹிசா ஹஷிமோட்டோ, சோதித்துப் பார்க்கும்போது அது தமக்கே மிகக் கடினமாக இருந்ததால் வைத்துக்கொண்டது.

நம் மலேசிய நாட்டு நிலவரத்தையும் சொல்ல வேண்டும். இங்கே பலர் ஆடியது அசல் நிண்டெண்டோ இல்லை, மைக்ரோ ஜீனியஸ் போன்ற நகல் கருவிகள். ஜப்பானில் தொலைக்காட்சி வினாடிக்கு சுமார் 60 முறை திரையைப் புதுப்பிக்கும். நம்முடைய அன்றைய பி.ஏ.எல். எனும் ஒளிபரப்பு முறையில் 50 முறைதான். 60-க்காக எழுதிய ஆட்டம் 50-இல் ஓடும்போது ஆறில் ஒரு பங்கு மெதுவாகிவிடும், எதிரியும் குண்டும் அந்த அளவுக்குத் தாமதமாக வரும். போதாததற்கு, பல ஆட்டங்களை ஒன்றாக அடைத்து விற்ற கேசட்டுகளில் கோன்ட்ரா என்ற சுடும் ஆட்டம் தொடக்கத்திலேயே 30 உயிரோடு வந்ததும் உண்டு. நாம் நினைத்துப் பெருமைப்படும் 'கடினமான' ஆட்டம் அசலைவிடச் சுலபமானதாகவே பலர் கைக்கு வந்து சேர்ந்தது.

பிள்ளைக்குப் பொறுமை வரட்டும் என்று பழைய கருவியை எடுத்து இன்றைய தட்டைத் தொலைக்காட்சியில் மாட்டிவிடும் பெற்றோர் இருக்கிறார்கள். நல்ல எண்ணம்தான். ஆனால் தொலைக்காட்சி ஒவ்வொரு படத்தையும் மெருகேற்றிய பிறகே திரையில் காட்டுகிறது. இதற்குச் சில தொலைக்காட்சிகளில் 100 மில்லி வினாடிக்கு மேல் ஆகும். வினாடிக்கு 60 முறை புதுப்பிக்கும் ஆட்டத்தில் ஒரு ஃபிரேம், அதாவது திரையில் ஒரு படம், நிற்பது சுமார் 17 மில்லி வினாடி. ஆக, பிள்ளை பொத்தானை அழுத்தி ஆறு ஃபிரேம் கழித்துத்தான் மாரியோ குதிப்பது கண்ணுக்குத் தெரியும். அதற்குள் பள்ளம் வந்துவிடும். இதில் பிள்ளையின் கைமேல் குற்றமில்லை. தொலைக்காட்சிப் பட அமைப்பில் 'கேம் மோட்' என்பதைத் தேர்ந்தெடுங்கள், தாமதம் பெருமளவு குறையும். மஞ்சள், சிவப்பு, வெள்ளைக் கம்பியை எச்.டி.எம்.ஐ.க்கு மாற்றும் மலிவான பெட்டிகள் தம் பங்குக்குத் தாமதம் சேர்க்கும். தொலைக்காட்சியில் பழைய ஏ.வி. துளை இருந்தால் அதிலேயே நேராக மாட்டுங்கள். கேசட்டை வாயால் ஊத வேண்டாம், எச்சில் ஈரம் பட்டுச் செம்புத் தகடு அரித்துப்போகும். ஐசோபுரோபைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சுக்குச்சியால் துடைத்து, நன்றாகக் காய்ந்த பின் போடுங்கள்.

இனி, புதிய ஆட்டங்கள் எதைச் 'சுலபமாக்கின' என்று பார்க்கலாம். 2018-இல் வந்த செலஸ்ட் மலையேறும் ஆட்டம். மேடையின் விளிம்பைத் தாண்டிக் கால் காற்றுக்குப் போன பிறகும், ஒரு வினாடியில் பத்தில் ஒரு பங்கு நேரத்துக்குள் குதிக்கும் பொத்தானை அழுத்தினால் ஆட்டம் அதை ஏற்றுக்கொள்ளும். தரையைத் தொடுவதற்குச் சற்று முன்பே அழுத்தினாலும் நினைவில் வைத்திருந்து, தொட்டவுடன் குதிக்கவிடும். கேம் உருவாக்குபவர்கள் முதலாவதைக் 'கோயோட்டி டைம்' என்பார்கள். கண் பார்ப்பதற்கும் விரல் அசைவதற்கும் உள்ள இடைவெளியைச் சரிக்கட்டுவதற்கான ஏற்பாடு இது. அதற்காகச் செலஸ்ட் எளிதாகிவிட்டதா? அதன் பிற்பகுதிக் கட்டங்களில் ஆடுபவர் நூற்றுக்கணக்கில் விழுவது சாதாரணம். ஆனால் விழுந்தவுடன் அதே அறையின் வாசலில் நிற்பார், மறுமுயற்சி உடனே தொடங்கிவிடும்.

எங்கள் பார்வையில் எல்லாவற்றையும்விட முக்கியமானது இதுதான். பழைய ஆட்டத்தில் ஐந்தாவது நிமிடத்தில் வரும் தாவல் ஒன்றைக் கற்க, ஏற்கெனவே தெரிந்த நான்கு நிமிடத்தை ஒவ்வொரு முறையும் ஆடித் தீர்க்க வேண்டும். ஒரு மணி நேரத்தில் அந்தத் தாவலுக்குக் கிடைப்பது பன்னிரண்டு முயற்சி. அதே தாவல் பத்து வினாடியில் மறுபடி வந்தால் முந்நூறுக்கு மேல் முயலலாம். பொறுமை எதில் அதிகம் தேவைப்படுகிறது, எதில் கை தேறுகிறது என்று நீங்களே கணக்குப் போடலாம்.

எல்டன் ரிங் ஆட்டத்தில் கடினத்தைக் குறைக்கும் அமைப்பே கிடையாது. 2022 பிப்ரவரியில் வெளிவந்து மூன்று வாரத்துக்குள் 12 மில்லியன் பிரதிகளுக்கு மேல் விற்றது. பொறுமையில்லாத தலைமுறை என்று நாம் முத்திரை குத்துகிறவர்கள்தான் அதை வாங்கினார்கள். அங்கும் செய்த ஒரு மாற்றம், பெரிய எதிரி நிற்கும் பல இடங்களின் அருகிலேயே மறுபடி உயிர்த்தெழும் கம்பத்தை நட்டதுதான். எதிரி இளகவில்லை, நடை மட்டும் குறைந்தது.

குறை சொல்கிறவர்கள் சொல்வது சரியாக இருக்கும் இடங்களும் உண்டு, அவற்றை மறைக்க மாட்டோம். 2022-இல் வந்த காட் ஆஃப் வார் ராக்னராக்கில் ஒரு புதிரின் முன் நின்று யோசிக்கத் தொடங்குவதற்குள் கூட இருக்கும் பாத்திரம் விடையைச் சொல்லிவிடுகிறது. பல ஆட்டங்களில் போகிற வழி முழுக்க அம்புக்குறி. இது நமக்கும் பிடிக்கவில்லை. அமைப்புப் பக்கத்தில் குறிப்பு, வழிகாட்டி அடையாளம் ஆகியவற்றை அணைக்க முடியுமா என்று முதலில் பாருங்கள். 2018-இன் அசாசின்ஸ் கிரீட் ஒடிசியில், அடையாளத்துக்குப் பதிலாக ஆற்றுக்குக் கிழக்கே, கோயிலுக்கு அருகே என்று துப்பு மட்டும் தரும் முறை இருக்கிறது. தொடக்கத்திலேயே அதைத் தேர்ந்தெடுக்கலாம்.

'ஹார்ட்' என்ற கடின நிலையைத் தேர்ந்தெடுத்தால் போதுமா? சில ஆட்டங்களில் போதாது. 2011-இன் ஸ்கைரிமில் ஆகக் கடினமான நிலைக்குப் போனால், நம் அடி கால் பங்காகக் குறையும், எதிரியின் அடி மூன்று மடங்காகும். எதிரி புதிதாக எதையும் கற்றுக்கொள்வதில்லை. ஒரே ஆளை நான்கு மடங்கு நேரம் வெட்டிக்கொண்டிருக்க வேண்டும், அவ்வளவுதான். 1997-இன் கோல்டன்ஐ 007-இல் நிலை ஏறும்போது செய்து முடிக்க வேண்டிய வேலைகளும் கூடும், அதே கட்டடத்தில் முன்பு போகாத அறைகளுக்குப் போக வேண்டியிருக்கும். கடினம் என்றால் இப்படி இருக்க வேண்டும். வாங்கும் முன், கடின நிலையில் எது மாறுகிறது என்று கேட்டுக்கொள்ளுங்கள்.

ரகசியமாகச் சுலபமாக்குவதும் நடக்கிறது. 2005-இன் ரெசிடென்ட் ஈவில் 4, நாம் திணறினால் எதிரியின் வேகத்தையும் தாக்குதலையும் தானே குறைக்கும், சொல்லாது. ஆடுபவருக்குத் தன் உண்மையான நிலை தெரியாமலே போய்விடும். இதைவிட நியூ சூப்பர் மாரியோ பிரதர்ஸ் வீ (2009) செய்தது நேர்மை: ஒரே கட்டத்தில் எட்டு முறை செத்தால் பச்சைக் கட்டி ஒன்று தோன்றும். தட்டினால் லூயிஜி ஆடிக் காட்டுவார், வேண்டாமென்றால் விட்டுவிடலாம்.

இதெல்லாம் காசு கொடுத்து ஒரு முறை வாங்கும் ஆட்டங்கள். நம் வட்டாரத்தில் பெரும்பாலான பிள்ளைகள் கையில் இருப்பது போன், அதில் இலவச ஆட்டம். கவலைப்பட வேண்டிய இடம் அங்கேதான் இருக்கிறது. கேண்டி கிரஷ் சாகாவில் ஐந்து உயிர். ஓர் உயிர் திரும்பி வர 30 நிமிடம், ஐந்தும் நிரம்ப இரண்டரை மணி நேரம். காசு கட்டினால் உடனே. கிளாஷ் ஆஃப் கிளான்ஸில் கட்டடம் உயர நாட்கணக்காகும், பச்சைக் கல் கொடுத்தால் அந்த நொடியே முடியும். கல்லைக் காசுக்கு விற்கிறார்கள். இங்கே விரலுக்கோ மூளைக்கோ வைத்த கடினம் எதுவும் கிடையாது. காத்திருப்பைச் செயற்கையாக நீட்டி, அதிலிருந்து தப்பிக்கும் வழிக்கு விலை வைத்திருக்கிறார்கள். பப்ஜி மொபைலில் புதிதாகச் சேர்பவரின் முதல் ஆட்டங்களில் எதிரில் ஓடுவது பெரும்பாலும் கணினி இயக்கும் பொம்மைகள். நான்கைந்து ஆட்டத்தில் வென்ற பிள்ளை தன்னைப் பெரிய வீரன் என்று நம்பிவிடுகிறான். பிறகு உண்மையான ஆட்களிடம் அடி வாங்கும்போது, எங்கே தவறினோம் என்று பார்க்கப் பழகியிருக்க மாட்டான்.

போன் ஆட்டம் எல்லாமே இப்படி என்றும் சொல்ல முடியாது. மொபைல் லெஜண்ட்ஸின் முதல் உலகப் போட்டி 2019-இல் கோலாலம்பூர் அக்சியாத்தா அரங்கில் நடந்தது. 2024 ஜூலையில் ரியாத்தில் அதே ஆட்டத்தின் எம்.எஸ்.சி. (மிட் சீசன் கப்) கிண்ணத்தை வென்றது நம் நாட்டின் சிலாங்கூர் ரெட் ஜயண்ட்ஸ் அணி. அந்த நிலைக்குப் போனவர்கள் தோற்ற ஆட்டத்தைத் திரும்பப் போட்டுப் பார்த்தவர்கள். உங்கள் பிள்ளையும் பார்க்கலாம்: தன் பக்கத்தில் பழைய ஆட்டங்களின் பட்டியல், அதில் 'ரீப்ளே'. முழுவதும் பார்க்க வேண்டாம். தான் முதன்முதலில் செத்த இடத்துக்கு 20 வினாடி முன்னே போய், மூலையில் உள்ள சின்ன வரைபடத்தை மட்டும் கவனிக்கச் சொல்லுங்கள். எதிரணியில் யார் வரைபடத்தில் தெரியாமல் மறைந்திருந்தார் என்பது அநேகமாக அங்கேயே விளங்கிவிடும்.

பணம் போவதைத் தடுக்க: ஆண்ட்ராய்டு போனில் பிளே ஸ்டோரைத் திறந்து, மேலே வலப்பக்கம் உள்ள படத்தைத் தட்டி, செட்டிங்ஸில் வாங்குதலைச் சரிபார்க்கும் பகுதிக்குப் போங்கள். ஒவ்வொரு முறையும் கேட்கும்படி வையுங்கள். 30 நிமிடத்துக்கு ஒரு முறை என்று வைத்தால், நீங்கள் ஒன்றை வாங்கிய அடுத்த அரை மணி நேரம் கதவு திறந்தே கிடக்கும். ஐபோனில் செட்டிங்ஸ், ஸ்கிரீன் டைம், உள்ளடக்கக் கட்டுப்பாடு, அதில் ஆப் உள்ளே வாங்குவதற்கு அனுமதி இல்லை என்று மாற்றுங்கள். இவ்வளவு செய்தும் காசு போகிறதென்றால் பெரும்பாலும் இரண்டு காரணம். ஒன்று, அப்பாவின் போனில் பிள்ளையின் விரல் ரேகையும் பதிவாகியிருக்கும். மற்றது, கட்டணம் போன் கிரெடிட்டிலிருந்தே கழிக்கப்படும். பிளே ஸ்டோரின் கட்டண முறைகளில் அதை நீக்கிவிட்டு, தொலைபேசி நிறுவனத்தை அழைத்து அந்தச் சேவையை முடக்கச் சொல்லுங்கள்.

கடைசியாக, தீபாவளிக் கலை இரவுகளிலும் தோட்ட மண்டபங்களிலும் கேம் போட்டி நடத்தும் இளைஞர் மன்றங்களுக்கு ஒரு வேண்டுகோள். ஒரே தோல்வியில் பிள்ளையை வீட்டுக்கு அனுப்பாதீர்கள். இரண்டு தோல்விக்குப் பிறகே வெளியேற்றம் என்று வையுங்கள். 16 பேர் என்றால் 15 ஆட்டத்துக்குப் பதில் 30 அல்லது 31 ஆட்டம் ஆகும். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் மூன்றுக்கு இரண்டு என்ற தொடருக்கு 8 நிமிடம் வைத்தால் மொத்தம் 248 நிமிடம். இரண்டு திரையில் நடத்தினால் இரண்டு மணி நேரத்துக்குச் சற்று மேல். கடைசி நான்கு ஆட்டங்களை ஒரே திரையில்தான் நடத்த முடியும் என்பதால் இன்னும் அரை மணி சேர்த்துக்கொள்ளுங்கள். ஸ்ட்ரீட் ஃபைட்டர் 6-இல் 'மாடர்ன்' எனும் எளிய பொத்தான் முறையில் ஆடும் பிள்ளைகளை ஒதுக்க வேண்டாம். ஒரே பொத்தானில் சிறப்பு அடி வரும், ஆனால் அதன் பலத்தில் 20 விழுக்காட்டை ஆட்டமே குறைத்துவிடுகிறது. கட்டுப்பாட்டுக் கருவிகளைக் கம்பியால் இணையுங்கள். கம்பியில்லாமல் முன்பு இணைந்த ஒன்றை யாராவது பையிலிருந்து எடுத்து நடுப்பொத்தானை அழுத்தினால், நடக்கிற ஆட்டம் பாதியில் நின்றுபோகும்.

இப்படிக்கு,
வீடியோ கேம் கருவி பழுதுபார்ப்போர்,
சுங்கை சிப்புட், பேராக்.