எந்தக் கடைக்குப் போகலாம் என்று கேட்டாயே

புதுச்சேரி
கார்த்திகை, விடாத மழை

அடியே பெஞ்சுக்காரி,

உன் கடிதம் வந்து பத்து நாளாகிறது. மழை, கரண்ட் இல்லை என்று ஏதாவது சாக்குச் சொல்லலாம் என்று பார்த்தேன், நீ நம்ப மாட்டாய், சோம்பல்தான். பெண்ணுக்கு வரன் முடிந்துவிட்டது என்ற வரியை இரண்டு தடவை படித்தேன். மஞ்சக்குப்பம் மைதானத்தில் செருப்பைக் கையில் தூக்கிக்கொண்டு ஓடியவள் மாமியார் ஆகப் போகிறாள் என்றால் அந்த மாப்பிள்ளையை நினைத்துத்தான் பாவமாக இருக்கிறது.

தையில் நிச்சயதார்த்தம், துணி எடுக்கப் பாண்டிக்கு வருகிறோம், எந்தக் கடைக்குப் போகலாம் சொல் என்று கேட்டிருந்தாய். யோசித்துப் பார்த்தால் போகலாம் என்பதற்கு மூன்று கடைதான் தேறுகிறது, நான் ஒதுக்கி வைத்தது பத்துக்கு மேல் வருகிறது. நேரு வீதியில் மட்டும் முகத்தைத் திருப்பிக்கொண்டு தாண்டுகிற வாசல் நாலைந்து. "உனக்கு வாய்க்கா வரப்புத் தகராறு இல்லாத ஜவுளிக்கடை ஏதாவது மிச்சம் இருக்கா?" என்று வீட்டுக்காரர் கேட்கிறார். அவருக்கென்ன, வருஷத்துக்கு நாலு சட்டை, அளவும் மாறாது, கடையும் மாறாது.

முதலில் ஒதுக்கியது சாயம் போகிற துணியை விற்ற ஒரு கடையை. இரண்டு வருஷம் முன்பு தீபாவளிக்கு மெரூன் கலரில் சுடிதார் எடுத்தேன். முதல் தண்ணியிலேயே வாளி முழுக்கச் சிவப்பு, கூட ஊறிய இவருடைய வெள்ளை வேட்டி ரோஸ் வேட்டி ஆகிவிட்டது. பில்லை எடுத்துக்கொண்டு போனேன். கல்லாவில் இருந்தவர் வாயைக்கூடத் திறக்கவில்லை, தலைக்கு மேல் மாட்டியிருந்த பலகையை விரலால் காட்டினார். விற்ற துணி திரும்ப எடுத்துக்கொள்ளப்பட மாட்டாது. எனக்கு வந்த கோபத்தில் பேச்சே வரவில்லை, வீட்டுக்கு வந்து ராத்திரி உட்கார்ந்து தேடிப் படித்தேன். 2019-ஆம் ஆண்டு நுகர்வோர் பாதுகாப்புச் சட்டம் இருக்கிறதே, அதன்படி குறையுள்ள பொருளைத் திரும்ப வாங்க மறுப்பதே தப்பு, பில்லில் கெடு போட்டிருந்தால் அந்தக் கெடுவுக்குள், போடவில்லையென்றால் 30 நாளுக்குள் பணத்தைத் திருப்பித் தர வேண்டும், பில் தராமல் டபாய்ப்பதும் அதே தப்புதான். பலகை மாட்டிவிட்டால் சட்டம் இல்லாமல் போய்விடுமா? ஆனால் ஒன்று, கலர் பிடிக்கவில்லை, நாத்தனார் நன்றாக இல்லை என்றுவிட்டாள் என்று போய் நின்றால் இந்தச் சட்டம் கைகொடுக்காது, அது கடைக்காரர் மனசைப் பொறுத்தது. மறுநாள் போய் இதையெல்லாம் ஒப்பித்ததும் பணத்துக்குப் பதில் 15 நாள் செல்லும் என்று ஒரு சீட்டு கொடுத்தார். சீட்டு இன்னும் பர்ஸில் கிடக்கிறது. அந்தக் கடையில் இன்னொரு துணியைத் தொட மனசு வரவில்லை.

சாயம் போனதைக்கூட விட்டுவிடுவேன். நுழைந்ததும் முதலில் கழுத்தைப் பார்ப்பது, அப்புறம் செருப்பைப் பார்ப்பது, அதற்கப்புறம் "எந்த ரேஞ்சுல பாக்கறீங்க?" என்று கேட்பது, இதுதான் என்னால் தாங்க முடியாதது. ஒருநாள் பெரிய மார்க்கெட்டில் கீரையும் கருவாடும் வாங்கிக்கொண்டு அந்தப் பையோடேயே வெள்ளைக்காரத் தெருப் பக்கம், சுற்றுலாக்காரர்களுக்கென்று ஏசி போட்டு வைத்திருக்கிற ஒரு கடைக்குள் போய்விட்டேன். கருவாட்டு வாசனைக்கு அவர்கள் முகம் சுளித்திருந்தால் நியாயம் என்று ஒத்துக்கொண்டிருப்பேன். ஆனால் அந்தப் பையன் எனக்கும் துணி மாட்டியிருந்த கம்பிக்கும் நடுவில் வந்து நின்றுகொண்டு, நான் தமிழில் கேட்கக் கேட்க இங்கிலீஷிலேயே பதில் சொன்னான். நானும் இந்த ஊர்க்காரிதான், காந்தி வீதிக்கு அந்தப் பக்கம் வீடு என்று சொல்லிவிட்டு வெளியே வந்தேன், அவனுக்கு அது புரிந்ததோ என்னவோ.

இன்னொரு கடை மூன்று மாடி. கீழே இருக்கிறவன் மேலே பார்த்துக் கத்துகிறான், "இந்த ஆன்ட்டிக்கு டபுள் எக்ஸ்எல் இருக்கா பாரு!" என்று. மூன்று மாடியும் என்னைத் திரும்பிப் பார்த்தது. ட்ரையல் ரூம் மொத்தக் கடைக்கும் ஒன்று, அதுவும் தாழ்ப்பாள் இல்லாமல் திரை மட்டும்.

பில் போடுகிற இடத்தில் போன் நம்பர் கேட்பார்கள், கொடுக்காதே. நம்பர் கொடுத்தால்தான் பில் வரும் என்று கட்டாயப்படுத்தக் கூடாது என்று 2023-இல் மத்திய நுகர்வோர் துறையே சொல்லியிருக்கிறது. நான் "போன் இல்லைங்க" என்றுவிடுவேன். ஒருதரம் அப்படிச் சொல்லி முடிப்பதற்குள் பைக்குள் போன் அடித்தது, இவர்தான், பால் வாங்கி வரச் சொல்லி.

பின்னாலேயே நடந்து வரும் பெண்களைப் பற்றி உனக்குத் தனியாகச் சொல்ல வேண்டும். ஒரு புடவையைத் தொட்டால் "எடுத்துக் காட்டவா மேடம்", அடுத்த அடுக்குக்கு நகர்ந்தால் அவளும் நகர்வாள், நான் என்ன திருடவா வந்திருக்கிறேன் என்று எரிச்சலாக வரும். அப்படிப்பட்ட கடைகளையும் ஒதுக்கித்தான் வைத்திருந்தேன், என் தங்கை மகள் கடலூர் திருப்பாதிரிப்புலியூரில் ஒரு ஜவுளிக்கடையில் வேலைக்குச் சேரும் வரைக்கும். அவள்தான் சொன்னாள், "நாங்க பின்னாடி போகலன்னா கேமராவுல பாத்துட்டு சூப்பர்வைசர் திட்டுவாரு பெரியம்மா, ஒண்ணும் வாங்காம போனா ஏன் போனாங்கன்னு எங்களத்தான் கேப்பாங்க." காலை ஒன்பதரைக்கு நின்றால் ராத்திரி ஒன்பதுவரை நிற்பதுதான், சாப்பிடுகிற அரை மணி தவிர. இருபத்திரண்டு வயசுப் பெண் கணுக்கால் வீங்கி வருகிறாள்.

கேரளத்தில் ஜவுளிக்கடைப் பெண்கள் போராடி 2018-இல் உட்காரும் உரிமையை வாங்கினார்கள், 2021-இல் தமிழ்நாட்டிலும் கடைகள் சட்டத்தில் திருத்தம் வந்தது, வேலை செய்கிறவர்களுக்கு இருக்கை போட்டே ஆக வேண்டும் என்று. கடலூர்க் கடையிலும் போட்டிருக்கிறார்களாம் ஸ்டூல். அதன்மேல் பிரிக்காத துணி மூட்டை உட்கார்ந்திருக்கிறதாம்.

இதைக் கேட்டதும், சரி, இனிமேல் அந்தக் கடைப் பக்கம் தலைவைத்துப் படுக்க மாட்டேன் என்றேன். அவள் பதறிவிட்டாள். "நீங்க வராம போனா எனக்குத்தான் கணக்குல குறையும், வாங்க பெரியம்மா, என்கிட்டயே வாங்க" என்கிறாள். என்ன செய்வது சொல், முதலாளிமேல் இருக்கிற கோபம் அவன் கல்லாவைத் தொடுவதற்கு முன்னால் இவள் இன்சென்டிவைத் தொட்டுவிடுகிறது. அதனால் இப்போதெல்லாம் பின்னால் வருகிற பெண் இருந்தால் வெளியே வருவதில்லை. போன மாசம் இங்கே ஒரு கடையில் எனக்கு ஸ்டூல் கேட்டேன், கொடுத்தார்கள், இன்னொன்று கேட்டேன், "நீயும் உட்காரும்மா, உன்னை அண்ணாந்து பார்த்துக் கழுத்து வலிக்குது" என்றேன். மேலே கேமராவை ஒரு பார்வை பார்த்துவிட்டுப் பாதி உட்கார்ந்தாள். அந்தக் கடைதான் மூன்றில் ஒன்று, உன்னை அங்கே கூட்டிக்கொண்டு போகிறேன்.

இரண்டாவது கோ-ஆப்டெக்ஸ். கைத்தறி எடுக்க அங்கே போனால் எனக்கு ஏமாறுகிற பயம் இல்லை, யாரும் பின்னாலும் வர மாட்டார்கள், சில சமயம் முன்னாலும் வர மாட்டார்கள், நாமாகத் தேடிப் பிடிக்க வேண்டும்.

மூன்றாவதைக் கேட்டால் சிரிப்பாய், காந்தி வீதி ஞாயிற்றுக்கிழமைச் சந்தை. பில் கிடையாது, ட்ரையல் ரூம் கிடையாது, மேலே சொன்ன எந்தச் சட்டமும் அங்கே எட்டிப் பார்த்ததில்லை. ஆனால் நான் வழக்கமாக நைட்டி வாங்குகிறவர் "அக்கா, இதுல பக்கத் தையல் ஒண்ணு விட்டிருக்கு, அதான் இந்த வெல" என்று அவராகவே காட்டிவிடுவார். வீட்டுக்கு வந்து ஊசி நூல் எடுத்தால் முடிந்தது.

இனி பட்டு. அசல் பட்டு என்பதற்கு அடையாளமான சில்க் மார்க் சீட்டு இல்லாத பட்டுப்புடவைக்குப் பெரிய பணம் கொடுக்காதே. ஜரிகையை ஓரத்தில் லேசாகச் சுரண்டினால் உள்ளே சிவப்புப் பட்டு நூல் தெரிய வேண்டும், வெள்ளை நூல் தெரிந்தால் அது சாதா ஜரிகை, விலையைக் குறைத்துக் கேள். தைத்த உடுப்பில் ஒரு கணக்கு இருக்கிறது. 2025 செப்டம்பர் 22 முதல் ஒரு உருப்படி 2,500 ரூபாய்வரை ஜிஎஸ்டி 5 சதவீதம், அதற்கு மேல் போனால் 18, மாப்பிள்ளைக்குக் குர்தா எடுக்கும்போது இதை ஞாபகம் வைத்துக்கொள்.

என் மாமனார் இங்கே ரோடியர் துணி மில்லில் வேலை பார்த்தவர். 1898-இல் ஆரம்பித்த மில், 2020 ஏப்ரலில் ஒரேயடியாக மூடினார்கள், அதைப் பார்க்க அவர் இல்லாதது நல்லதுதான். அவர் சொல்லிக்கொடுத்த வித்தை ஒன்று என்னிடம் இருக்கிறது. துணி ஓரத்தில் ஒரு நூலை உருவிக் கொளுத்த வேண்டும். பருத்தி என்றால் காகிதம் எரிகிற வாசனை, தொட்டால் பொடியாகிற சாம்பல். பட்டு தலைமுடி கருகுகிற நாற்றம் நாறும். பாலியஸ்டர் உருகிக் கெட்டியான கறுப்பு மணியாகச் சுருண்டுவிடும். காட்டன் என்று சொல்லி விற்ற எத்தனையோ துணி எங்கள் வீட்டு வாசலில் மணியாகியிருக்கிறது.

தை முதல் வாரம் என்றால் பொங்கல் கூட்டத்தில் மிதிபடுவோம், மார்கழியிலேயே வந்துவிடு, ஞாயிறு தங்குகிற மாதிரி. வரும்போது பண்ருட்டி முந்திரி அரைக்கிலோ வாங்கி வா, உடைத்தது போதும். தீப்பெட்டி நான் எடுத்து வருகிறேன்.

உன் பக்கத்து இடத்துக்காரி