தங்கச்சியின் இரத்தம்

பொகவந்தலாவை

அன்புள்ள சிவா,

உன் கடிதம் வந்து ஒரு மாதத்துக்கு மேல் ஆகிவிட்டது. தங்கச்சி ராணியை வைத்துக்கொண்டு ஆஸ்பத்திரிக்கும் வீட்டுக்கும் அலைந்ததில் பேனாவைத் தொட நேரமில்லை. 1982இல் நீங்கள் இந்தியாவுக்குப் புறப்பட்டு, தலைமன்னார் போகும் கோச்சி (ரயில்) ஏறியபோது உன் சட்டையைப் பிடித்துக்கொண்டு அழுதாளே, அவள்தான். இப்போது நலமாக இருக்கிறாள், பயப்படாதே.

கர்ப்பப்பையில் கட்டி. ஆபரேஷனுக்கு இரத்தம் வேண்டும் என்றார்கள். அவள் அட்டையில் ‘ஓ பொசிட்டிவ்’ என்றிருந்தது. ஆனால் எந்த ஓ இரத்தத்தோடு சேர்த்துப் பார்த்தாலும் திரிதிரியாகக் கட்டிக்கொண்டது. பரிசோதனை செய்த பிள்ளை கெட்டிக்காரி. சந்தேகப்பட்டு மாதிரியைக் கொழும்புக்கு அனுப்பினாள். பம்பாய் வகை என்று பதில் வந்தது.

1952இல் பம்பாயில் டாக்டர் பெண்டேயும் அவருடன் இருந்தவர்களும் முதன்முதலில் கண்டு எழுதியதால் அந்தப் பெயர். அந்தப் பிள்ளை எனக்கு விளக்கியதை என் பாணியில் சொல்கிறேன். ஏ, பி என்பவை சட்டை மாதிரி. அவற்றை மாட்ட ‘எச்’ என்று ஓர் ஆணி வேண்டும். ஓ வகைக்காரருக்கு ஆணி உண்டு, சட்டை இல்லை. ராணிக்கு ஆணியே இல்லை. அதனால் ஆணி உள்ள எந்த இரத்தத்தையும், ஓ உட்பட, அவள் உடம்பு அந்நியமாகப் பார்த்துத் தாக்கும். இன்னொரு பம்பாய் வகைக்காரர்தான் கொடுக்க முடியும்.

சட்டைக்கான மரபணு 9ஆவது குரோமோசோமில், ஆணிக்கானது 19ஆவதில். இரண்டும் தனித்தனி. அப்படியானால் ராணி அம்மாவிடமிருந்து ஏ மரபணுவை வாங்கியிருந்தும் அது வெளியே தெரியாமல் கிடந்திருக்கிறது. அவள் மகனுக்குத் தகப்பனிடமிருந்து ஆணி கிடைத்தது, சட்டை வெளியே வந்தது. மகன் ஏ.

இதை ஏன் இவ்வளவு விவரமாக எழுதுகிறேன் தெரியுமா? மாப்பிள்ளையும் ஓ. ‘ஓவுக்கும் ஓவுக்கும் ஏ எப்படிப் பிறக்கும்?’ என்று பையன் பள்ளிக்கூட முகாமில் இரத்தம் பார்த்த நாளிலிருந்து அவள் மாமியார் வீட்டில் பேச்சு. எட்டு வருஷம் அவள் அதைச் சுமந்தாள், எங்களிடம்கூட வாய் திறக்கவில்லை. அறிக்கையைப் படித்துக் காட்டியபோது மாப்பிள்ளை குழந்தை மாதிரி அழுதார். எனக்கு அவர்மேல் இருந்த கோபம் இன்னும் முழுதாகப் போகவில்லை, சிவா.

ஆணி இல்லாமல் பிறக்க, அந்தக் குறை தாய், தகப்பன் இரண்டு பக்கமும் இருக்க வேண்டும். அம்மா அப்பாவின் அத்தை மகள் அல்லவா? சொந்தத்துக்குள் கட்டும் இடங்களில் இது கூடுதலாகத் தெரிகிறதாம். இந்தியாவில் சுமார் 10,000 பேருக்கு ஒருவர், ஐரோப்பாவில் 10 இலட்சத்துக்கு ஒருவர். ரீயூனியன் தீவிலும் உண்டு. அங்கே இந்திய வழி வந்தவர்களிடம் ஒரு மரபணு மாற்றம், ஐரோப்பிய வழியினரிடம் வேறொன்று.

இன்னொன்று. ஹோர்ட்டன் சமவெளியில் மஞ்சளாகப் பூக்கும் அந்த முட்புதர், வெள்ளைக்காரன் கொண்டுவந்த கோர்ஸ், இங்கே பரவிக் காட்டைக் கெடுக்கிறது என்று வெட்டி எடுக்கிறார்களே. உங்கள் நீலகிரியிலும் இருக்கிறதாமே. எச் இருக்கிறதா என்று பார்க்கும் மருந்து அதன் விதையிலிருந்துதான் எடுக்கிறார்களாம்! ஓ இரத்தத்தில் அதை விட்டால் உடனே கட்டும். ராணியுடையதில் கட்டவே இல்லை.

உடன்பிறந்தவர்களில் ஒவ்வொருவருக்கும் அதே பம்பாய் வகை இருக்க நாலில் ஒரு பங்கு வாய்ப்பு என்றார்கள். எனக்கு இல்லை. பெரியண்ணனுக்கு இருந்தது. அவர் கொடுத்த ஒரு பையோடும், அதற்கு முன் இரண்டு மாதம் இரும்புச்சத்து மாத்திரையோடும் ஆபரேஷன் முடிந்தது.

சரி, உன்னால் ஒரு காரியம் ஆக வேண்டும். உங்களோடு அதே கோச்சியில் போன எங்கள் சித்தி குடும்பம் கோத்தகிரிப் பக்கம் இருப்பதாகக் கடைசியாகக் கேள்வி. சித்தியும் சொந்தத்துக்குள்தான் கட்டினார். பிள்ளைகளைத் தேடிப் பிடி. அட்டையில் ஓ என்றிருப்பவர்களை எச் பார்க்கச் சொல். பிரசவத்துக்கு நிற்கும் பெண் யாராவது இருந்தால் முதலில் அவளிடம் போ.

அன்புடன்,
தங்கராஜ்